திருகோணமலையிலிருந்து வெருகல் தாண்டி வாகரை வரை: குழுவாகச் சைக்கிளில் ஒரு நாள்

கேள்வி இதுதான்: வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள், உள்ளூர் இளைஞர்கள், இரண்டு வெள்ளைக்காரர் என்று பதினான்கு பேர். திருகோணமலையில் புறப்பட்டு, வெருகலில் மாவட்ட எல்லையைத் தாண்டி, வாகரையில் முடிக்க வேண்டும். வழிகாட்டிகள் இருவர், துணைக்கு ஒரு வான். எல்லை தாண்ட அனுமதி வேண்டுமா, எத்தனை மணிக்குப் புறப்படுவது, என்னென்ன எடுத்துப் போவது?

அனுமதிக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிடலாம். திருகோணமலை மாவட்டமும் மட்டக்களப்பு மாவட்டமும் ஒரே கிழக்கு மாகாணம்தான். வெருகல் பாலத்தில் உங்களை மறித்துக் கடவுச்சீட்டில் முத்திரை குத்த யாரும் நிற்கப் போவதில்லை. உள்ளூர்க்காரர் தேசிய அடையாள அட்டையை வைத்திருக்கட்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் அதன் பிரதியையும் விசாப் பிரதியையும் பையில் வைத்திருக்கட்டும். சோதனைச் சாவடி எதிலாவது கேட்டால் காட்ட அது போதும். பதினான்கு பேருடைய பெயர், அட்டை இலக்கம், வீட்டில் யாருக்கு அழைப்பது, இரத்த வகை, எடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மூன்று பிரதி எடுங்கள். ஒன்று முன்னால் போகும் வழிகாட்டியிடம், ஒன்று பின்னால் வருபவரிடம், ஒன்று வானில்.

எல்லை காகிதத்தில் தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டவரை அழைத்துப் போவதானால் வழிகாட்டியிடம் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் இருக்க வேண்டும். அதில் நாடு முழுவதற்குமான வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்று வகைகள் உண்டு. உங்கள் ஆளின் அட்டை எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே வாசித்துப் பாருங்கள். விபத்துக் காப்புறுதிப் பத்திரத்திலும் சைக்கிள் ஓட்டம் அடங்குமா என்று பாருங்கள். பலருடைய பயணக் காப்புறுதியில் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகவே இருக்கும்.

நடைமுறையில் வெருகல் எல்லைக்கு இருக்கும் பொருள் வேறு. அந்தப் பாலம் வரைக்கும் உதவி பின்னால் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் முன்னால் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. சேருநுவரவைத் தாண்டிய பிறகு ஒருவர் விழுந்து கை முறிந்தாலும் அவரைத் திருப்பி மூதூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பாலத்துக்கு அப்பால் அதே விபத்து நடந்தால் திரும்பக் கூடாது. வாகரையில் முதலுதவி, அங்கிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. பொலிஸ் பிரிவும் அப்படியே மாறும். மூதூர், சேருநுவர, வாகரை பொலிஸ் நிலையங்களின் இலக்கங்களை முதல்நாளே கைபேசியில் ஏற்றி வையுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இந்த இரண்டும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். வான் சாரதிக்கு இதைப் புறப்படுமுன் சொல்லி வைக்காவிட்டால், பதற்றத்தில் அவர் வீடு இருக்கும் திசைக்கே வண்டியைத் திருப்புவார்.

இனி முக்கியமான விடயம். இப்படியான நாளைக் கெடுப்பது தூரமோ எல்லையோ அல்ல. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் வளரும் இடைவெளிதான் கெடுக்கிறது. முன்னால் போகிறவர் மணிக்கு 20 கிலோமீற்றரில் போக, கடைசி ஆள் 14இல் வந்தால், ஒரு மணித்தியாலத்தில் 6 கிலோமீற்றர் இடைவெளி விழும், இரண்டு மணித்தியாலத்தில் 12. அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது ஒரு குழு அல்ல, வீதி நெடுகச் சிதறிய பதினான்கு தனி ஆட்கள். ஒரு வானால் அத்தனை பேரையும் காக்க முடியாது. முன்னால் போனவர் நிழலில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்து உடம்பு இறுகிப்போவார். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். ஓய்வு மிக அதிகமாகத் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆகவே நேர அட்டவணையைக் கடைசி ஆளின் வேகத்தில் போடுங்கள். கலவையான குழுவுக்கு மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வைப்பது நியாயம்.

தூரம் ஏறத்தாழ இப்படி: திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாப் பாலம் 20 கிலோமீற்றர் அளவில், பாலத்திலிருந்து மூதூர் 15 அளவில், மூதூரிலிருந்து கிளிவெட்டி, சேருநுவர வழியாக வெருகல் 30க்குச் சற்று மேல், வெருகலிலிருந்து கதிரவெளி ஊடாக வாகரை 20 அளவில். மொத்தம் 85 முதல் 90. பெரும்பகுதி ஏ15 வீதி. ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பழக்கமுள்ளவருக்கு இது பெரிய தூரமே அல்ல. ஆனால் பத்தரை மணிக்குப் பிறகு வெயிலில் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் விடியற்காலைக் கிலோமீற்றரைப் போல இரண்டு மடங்கு எடுக்கும்.

அதனால் என் பரிந்துரை: நகரிலிருந்து கிண்ணியாப் பாலம் வரை வாகனத்தில் போங்கள். நகரில் தொடங்கினால்தான் கணக்கு என்று பிடிவாதம் பிடிப்பவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: பாலையூற்று, சீனக்குடாப் பக்கம் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் போய்வரும் பாரவூர்திகளின் வழி. இருட்டில் அங்கே பதினாறு சைக்கிள்களை வரிசையாக ஓட்டுவது இந்த நாளின் மிக ஆபத்தான பகுதி, பார்க்கவும் எதுவும் தெரியாது. வெளிச்சம் வந்த பிறகு நகரில் தொடங்கினாலோ வெருகலுக்குப் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். இருபது கிலோமீற்றரை விட்டுக்கொடுத்து ஒன்றரை மணித்தியாலக் குளிர்ச்சியை வாங்குவது நல்ல வியாபாரம்.

நேரம் இப்படி ஓடும். ஐந்து மணிக்கு நகரில் ஏறுதல். ஐந்தே முக்காலுக்குப் பாலத்தடியில் சைக்கிள்களை இறக்கிச் சரிபார்த்தல். ஆறு மணிக்குப் புறப்பாடு. ஏழு மணிக்கு மூதூர், காலைச் சாப்பாடு, ஏழு முப்பத்தைந்துக்கு எழும்புதல். எட்டரைக்கு முன்பின்னாகக் கிளிவெட்டி. ஒன்பதுக்குச் சேருநுவர. பத்தேகாலுக்கு வெருகல். அங்கே நாற்பது நிமிடம். பன்னிரண்டேகாலுக்கு வாகரை. மூதூர், வெருகல் ஓய்வுகள் போக, வழியில் நிற்பதற்கென்று அரை மணித்தியாலம் அளவில் இதில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு ரியூப் வெடித்தாலும் தாங்கும், நான்கு வெடித்தால் தாங்காது. வெட்டுநேரம் ஒன்றும் வைக்க வேண்டும்: பத்தே முக்காலுக்குள் வெருகல் பாலத்துக்கு வராதவர் வானில் ஏறிவிடுவார். இதை முதல்நாள் இரவே எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். வீதியில் வைத்துச் சொன்னால் அது தண்டனையாகத் தெரியும், ஆளும் ஏற மாட்டார்.

எந்த மாதம் என்பது எந்த மணி என்பதைவிடப் பெரிய கேள்வி. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழை. நவம்பர், டிசம்பரில் மகாவலி பெருகினால் அதன் கிளையான வெருகலாறும் பெருகும், தாழ்ந்த இடங்களில் வீதியில் தண்ணீர் நிற்கும். பெப்ரவரி, மார்ச் மிகச் சிறந்த காலம்: வயல் பச்சை அல்லது பொன், வெயில் இன்னும் முழுக் கோபத்துக்கு வரவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, காய்ச்சி எடுக்கும். விடுமுறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்டில்தான் வருகிறார்கள், என்ன செய்வது. அந்த மாதங்களில் மேலே சொன்ன அட்டவணையை அரை மணித்தியாலம் கூடத் தளர்த்தாதீர்கள்.

கச்சானைப் பற்றி ஒரு நுட்பம். நீங்கள் தெற்கு–தென்கிழக்காகப் போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து அறையும். கிளிவெட்டியைச் சுற்றிய வயல்வெளியில் மறைப்பே இல்லை. ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்து காற்றுக்குத் தோள் கொடுத்து ஓட்டுவார். ஒரு லொறி பக்கத்தில் முந்திப் போகும்போது காற்று ஒரு கணம் அறுந்துவிடும். சாய்ந்திருந்த சைக்கிள் அந்தக் கணத்தில் வீதியின் நடுவுக்கு, லொறியின் பின்சில்லுப் பக்கமாக, இழுபடும். பின்னால் லொறிச் சத்தம் கேட்டால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடி, மிதிப்பதை நிறுத்தாதே, நேராக நிமிர்ந்துகொள் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அகலமான விளிம்புள்ள தொப்பி இந்த வீதிக்கு ஆகாது. தலைக்கவசமும் அதன் கீழே மெல்லிய துணியும் போதும்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது. அதற்கு முன் அங்கே இழுவைப் பாதை என்னும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று இந்த வழியின் மற்றக் கடவைகளும் அப்படித்தான் இருந்தன. இப்போது எல்லாம் பாலம். பாலங்களில் இரண்டு விடயம் கவனம். பலகத்துக்குப் பலகம் குறுக்கே ஓடும் இரும்பு இணைப்புகளைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சரிவாக ஏறினால், அதுவும் ஈரத்தில், மெல்லிய ரயர் வழுக்கும். இரண்டாவது, பாலத்தின் நடுவே படம் எடுக்க நிற்பது. ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் அவர் முதுகில் மோதுவார். படத்துக்குப் பாலம் முடிந்ததும் இடம் இருக்கிறது. சீனக்குடா விமானப்படைத் தளம், கடற்படை முகாம்கள், எண்ணெய்த் தாங்கிகள், சாவடிகள் ஆகியவற்றைப் படம் எடுக்கவே வேண்டாம்.

ஆற்றைக் குறுக்கே கடந்தால் இரண்டு கிலோமீற்றர் மிச்சம் என்று யாராவது ஒரு தோணியையோ மிதவையையோ காட்டினால் மறுத்துவிடுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். பதினாறு சைக்கிளும் பதினாறு ஆளும் ஒரு பக்கம் ஒதுங்கினால் எந்தத் தோணியும் சமநிலை தவறும்.

வீதியில் ஓடும் ஒழுங்கு. இடப்பக்கம், ஒற்றை வரிசை. பதினாறு பேரையும் ஒரே தொடராக விடாதீர்கள், பஸ்ஸால் முந்த முடியாது; நடுவில் வெட்டிப் புகுந்து ஆளை ஓரத்துக்குத் தள்ளும். ஐந்தாறு பேராக மூன்று கூட்டம், கூட்டத்துக்கு இடையில் நூறு மீற்றருக்குக் குறையாத வெளி. முன்னால் போகும் வழிகாட்டியை எவரும் முந்தக் கூடாது. கடைசியில் வரும் வழிகாட்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. மூத்திரம் பெய்ய ஒதுங்குபவர் சைக்கிளை வீதியிலிருந்து தெரியும்படி வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வழிகாட்டி அவரைத் தாண்டிப் போய்விடுவார். குழு ஆளைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சந்திகளுக்கு நல்ல முறை ஒன்று உண்டு. முன்வழிகாட்டி ஒரு சந்தியில் திரும்பும்போது அவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று கைகாட்டுவார், கடைசி வழிகாட்டி வந்து சேரும்வரை அசைய மாட்டார். அடுத்த சந்தியில் இன்னொருவர். மூதூர்த் திருப்பத்திலும் சேருநுவரவிலும் இது அவசியம். சேருநுவரவில் ஆள் தவறினால் சேருவில விகாரைப் பக்கம் போய்விடுவார். கையடக்க வானொலிக் கருவிகளை (வோக்கி டோக்கி) வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பாவிக்க நினைக்காதீர்கள், அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கைபேசி போதும். இரண்டு வழிகாட்டிகளும் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருந்தால் ஒன்றில் அலை இல்லாத இடத்தில் மற்றது உதவும்.

வானைக் கடைசி ஆளின் பின்னால் ஊர்ந்துவரச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு போலத் தோன்றும், நடப்பது எதிர்மாறு: பின்னால் வாகனங்கள் சேரும், பொறுமை இழந்தவன் வளைவில் முந்துவான். வான் ஓரிடத்தில் நிழலில் நிற்கட்டும். கடைசி வழிகாட்டி கடந்து பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்டு, எல்லோரையும் முந்தி, ஐந்து கிலோமீற்றர் முன்னால் போய் நிற்கட்டும். அங்கே முதல் ஆள் வந்து இருபது நிமிடமாகியும் கடைசி ஆள் வராவிட்டால் திரும்பி வரட்டும்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் காலைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அப்பம், பராட்டா, இடியப்பம் எல்லாம் கிடைக்கும். பதினாறு பேருக்கு முதல்நாளே சொல்லி வையுங்கள். ஓட்டத்தின் நடுவில் பராட்டாவும் இறைச்சிக் கறியும் வயிற்றில் கனக்கும், இடியப்பமும் சொதியும் வாழைப்பழமும் நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். காலை ஏழுக்கு அது உங்களைத் தொடாது, திரும்பும் வழியில் தொடும். நோன்பு மாதமானால் பகலில் சாப்பாட்டுக் கடைகளை நம்பவே முடியாது. வானிலேயே கட்டிக்கொண்டு போய், ஊரைத் தாண்டி ஒதுக்குப்புறமாகச் சாப்பிடுவது மரியாதை. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரைத் தவறவிட வேண்டாம், ஆனால் அதை வாகரைக்கு வாங்கி வைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு: ஓடும்போது ஆளுக்கு மணிக்கு 600 முதல் 750 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு நாலு, நாலரை லீற்றர். பதினாறு பேருக்கு 70 லீற்றர். தலையில் ஊற்ற, காயம் கழுவ, கைகழுவ இன்னும் 25. 19 லீற்றர்க் கான் ஐந்து ஏற்றினால் சரி. ஒவ்வொருவரிடமும் இரண்டு போத்தல்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்). ஜீவனிப் பொதி ஒன்றை ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். சின்னப் போத்தலில் முழுப்பொதியைப் போட்டால் உப்புக் கூடி வாந்தி வரும். தாகத்துக்குப் பயந்து மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புச் செறிவு இறங்கித் தலையிடி, குமட்டல், தடுமாற்றம் வரும். பார்ப்பவர் வெயில் தாக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார். அந்த ஆள் எவ்வளவு குடித்தார் என்று முதலில் கேளுங்கள். மீன்வாடி ஐஸ் மலிவாகக் கிடைக்கும். அது துவாய் நனைக்கவும் கழுத்தில் வைக்கவும் மட்டும். குடிக்கும் தண்ணீரில் விழக் கூடாது.

வெயிலில் ஆள் களைப்பதற்கும் விழுவதற்கும் இடையில் ஒரு கோடு உண்டு. வியர்த்துக்கொண்டு, வெளிறி, தலைசுற்றுகிறது என்று சொல்பவரை நிழலில் கிடத்திக் காலை உயர்த்தி ஜீவனி கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் தெளிவார். ஆனாலும் அன்றைக்கு அவருக்கு ஓட்டம் முடிந்தது, வானில் ஏற்றுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால் அது வேறு. உடனே 1990. அம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது: உடுப்பைத் தளர்த்தி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

சைக்கிள்கள். பதினான்கு பேரும் சொந்தச் சைக்கிள் கொண்டுவந்தால் பதினான்கு விதமான பிரச்சினை. முடிந்தால் ஒரே சில்லளவில் வாடகைக்கு எடுங்கள், அப்போதுதான் உதிரி குறையும். 26 அங்குல மலைச் சைக்கிளில் 1.95 ரயருக்கு 40 முதல் 45 பிஎஸ்ஐ காற்று. 700க்கு 35 ரயரானால் 60 அளவில், 28 ஆனால் 80 அளவில். காற்றுக் குறைவாக ஓட்டினால் குழியில் ரிம் ரியூப்பைக் கடிக்கும், பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள். ஒற்றை ஓட்டையானால் நெருஞ்சியோ வேலி வெட்டிய முள்ளோ. புது ரியூப்பைப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்குவீர்கள். வீதியோரத்தில் ஒட்டுப்போட வேண்டாம். ரியூப்பை மாற்றிவிட்டு, ஒட்டும் வேலையை வெருகலில் ஓய்வின்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வ் விடயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுச் சைக்கிளின் மெல்லிய நீண்ட வால்வுக்கு பெற்றோல் செட்டில் காற்று அடிக்க முடியாது. திருகிப் போடும் சிறு பித்தளைத் தொப்பி ஒன்று வேண்டும். இரண்டு வாங்கி வையுங்கள். ஊர்க்கடைகளில் கிடைக்கும் ரியூப் 26 அங்குலத்துக்கும் 28 அங்குலப் பழைய சைக்கிளுக்கும் உரியது. 700க்கான மெல்லிய ரியூப்பை இந்த வழியில் தேடி அலைய வேண்டாம், நகரிலேயே வாங்கி வாருங்கள்.

வானில் இருக்க வேண்டியவை: பெரும்பாலான சில்லளவுக்கு ஆறு ரியூப், மற்ற அளவுக்கு இரண்டிரண்டு, ஒரு ரயர், பழைய ரயரில் வெட்டிய ஒரு சாண் துண்டு (ரயர் கிழிந்தால் உள்ளே வைக்க), ஒட்டுப்பெட்டி இரண்டு, நிலத்தில் வைத்து அடிக்கும் பம்ப், செயின் கழற்றி, 8 கியர், 9 கியர்ச் செயின்களுக்கான இணைப்பு இரண்டிரண்டு, பிரேக் கம்பி இரண்டு, கியர்க் கம்பி இரண்டு, பிரேக் கட்டை இரண்டு சோடி, 4, 5, 6 அலன் சாவி, 8, 10, 15 ஸ்பானர், பிளாஸ்ரிக் கட்டு ஒரு பிடி, கறுப்பு ரேப், எண்ணெய். கடைசி வழிகாட்டியின் பையிலும் ஒரு ரியூப், ஒரு பம்ப், செயின் கழற்றி இருக்கட்டும். ஸ்போக் உடைந்தால் அதைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றி, ரிம் உரசினால் அந்தப் பக்கப் பிரேக்கைத் தளர்த்தி மெல்ல ஓட்டலாம். சைக்கிள் விழுந்து பின் கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு வளைந்தால் கையால் நிமிர்த்தாதீர்கள், பெரும்பாலும் முறியும். முறிந்துவிட்டால் செயினைக் குறுக்கி ஒரே பல்லில் ஓடவிட்டு வான் நிற்கும் இடம்வரை வரலாம்.

புறப்படுமுன் ஒவ்வொருவரின் சீற் உயரத்தையும் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக நிற்க வேண்டும். நம் ஊரில் கால் தரையில் முழுதாய் ஊன்றும் உயரத்துக்குச் சீற்றை இறக்கி வைப்பது வழக்கம். கடைக்குப் போய்வர அது போதும். 68 கிலோமீற்றருக்கு முழங்கால் வலியோடுதான் முடியும்.

கிளிவெட்டி, மேன்காமம் பக்கம் அல்லைத் திட்ட வயல்கள். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லும் மரக்கட்டையும் வைத்திருப்பார்கள், அதுதான் சைக்கிளுக்கு ஆபத்து. நெல்லின் மேல் ஏற வேண்டாம்: மணலைப் போல வழுக்கும், அதோடு அது இன்னொருவருடைய உழைப்பு. அறுவடை மெசின் ஏறி இறங்கும் இடங்களில் வீதியில் சேறு கட்டிக்கட்டியாய்க் காய்ந்திருக்கும். விடியற்காலையில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். மாட்டுக்கு முன்னால் போகாமல் பின்பக்கமாக விலகுங்கள், எழும்பினால் அது முன்னோக்கித்தான் நடக்கும். நாய் துரத்தினால் வேகம் கூட்டுவதைவிட இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடப்பது நல்லது.

சேருநுவரவுக்கும் வெருகலுக்கும் இடையில் யானை. எட்டரை மணிக்கு முன்னும் நாலரை மணிக்குப் பின்னும் அந்தத் துண்டில் சைக்கிள் இருக்கக் கூடாது. அட்டவணை ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை அங்கே போகும்படி அமைந்ததற்கு அதுவும் காரணம். இங்கே மட்டும் மூன்று கூட்டத்தையும் நெருக்கமாக்குங்கள், வான் முன்னால் போகட்டும். வீதியில் புதுச் சாணம், முறிந்த கிளை கண்டால் நின்று, எதிரே வரும் லொறிக்காரரிடம் கேளுங்கள். யானை தெரிந்தால் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி நின்று, அது கடந்த பிறகும் சில நிமிடம் பொறுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று நிற்கும். பற்றைக்குள் ஒதுங்க வேண்டியவர்கள் சேருநுவரவிலேயே வேலையை முடித்துவிட்டு வரட்டும்.

வெருகல் பாலத்துக்கு முன்பே சித்திரவேலாயுத சுவாமி கோயில். எல்லையில் ஒரு குழுவுக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு: மரநிழல், தண்ணீர், உட்கார இடம். இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு உள்ளே போகாமல் ஆளுக்கு ஒரு சாரமோ துண்டோ வானில் வைத்திருங்கள். ஆவணியை ஒட்டி வரும் உற்சவ நாட்களில் வீதி முழுக்க சனமும் வாகனமும்; அந்த வாரத்தைத் தவிருங்கள், அல்லது கோயிலுக்கென்றே வாருங்கள். கதிர்காமப் பாத யாத்திரைக்காரரும் இந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். அவர்களைக் கடக்கும்போது மணி அடித்துத் திடுக்கிடச் செய்யாமல், மெல்லக் குரல் கொடுத்து வலப்பக்கமாகப் போங்கள். ஆற்றில் குளிக்க ஆசை வரும். வெருகலாற்றில் முதலை உண்டு, ஊர்ச்சனம் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. அங்கேயும் முழங்காலளவு போதும்.

பாலத்தில் ஏறுமுன் மறுபடி தலையெண்ணுங்கள். எல்லோரும் குடித்த தண்ணீரைக் கேளுங்கள். இங்கே வானில் ஏறுவதா தொடர்வதா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்கட்டும். இதற்குப் பிறகு கடைகள் குறைவு, நிழல் இன்னும் குறைவு. கதிரவெளிக்குப் பிறகு கடற்காற்று எழும்பியிருக்கும். முகத்தில் குளிர்ச்சியாக அடிப்பதால் வெயில் தெரியாது, தோல் மட்டும் எரியும். கையை மூடும் சட்டை போட்டவர் தப்புவார். புச்சாக்கேணி, பால்சேனைப் பக்கம் வீதியோரம் மணல் ஏறியிருக்கும். அதில் முன்பிரேக்கைப் பிடித்தால் ஆள் தலைகீழ். மணலைக் கண்டால் முன்கூட்டியே வேகம் குறைத்து, பிரேக்கை விட்டு, நேராக உருள விடுங்கள்.

வாகரையில் மதியச் சாப்பாட்டை முதல்நாளே சொல்லி, பாதிப் பணம் கொடுத்து உறுதிசெய்யுங்கள். வந்த பிறகு கேட்டால் சாரதிகளையும் சேர்த்து இத்தனை பேருக்குச் சோறு போட எந்தச் சிறு கடையாலும் முடியாது. மீன் தாராளம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லுங்கள்.

திரும்பும் ஏற்பாடு பலர் மறக்கும் இடம். பட்டா ரகச் சிறு லொறியில் எட்டுச் சைக்கிளுக்கு மேல் ஏற்றினால் ஒன்றையொன்று சிராய்க்கும். பதினாறுக்குக் கன்ரர் லொறி வேண்டும். ஒன்றின் கைப்பிடி முன்னால், அடுத்ததன் கைப்பிடி பின்னால் என்று மாறிமாறி நிறுத்தி, இடையில் சாக்கு அல்லது மட்டை வைத்து, கயிற்றைச் சட்டத்தினூடாக இழுத்துக் கட்டுங்கள். சில்லில் கட்டினால் ஸ்போக் வளையும். பின் கியர் இருக்கும் பக்கம் எதன் மேலும் சாயக் கூடாது. இடம் போதாவிட்டால் பெடலைக் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, வழமைபோலத் திருப்பினால் இன்னும் இறுகும். லொறி இரண்டரைக்கு முன் வாகரையை விட்டுப் புறப்பட்டால் சேருநுவரவை வெளிச்சத்தில் தாண்டிவிடும். ஆட்களுக்கு வான் ஒன்று போதாது. பதினாறு பேருக்கு ஒரு சிறு பஸ்ஸைப் பன்னிரண்டு மணிக்கே வாகரைக்கு வரச் சொல்லுங்கள், காத்திருப்புக் கூலியைப் பேசியே அமர்த்துங்கள்.